பொள்ளாச்சி: ஊர் வந்த கதையும் பிழைக்கும் வழியும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

பொள்ளாச்சி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு இளநீரும் சினிமாவில் பார்த்த தோப்பும்தான் ஞாபகம் வரும். வந்து போகிறவர்கள் சாலையின் இருபுறமும் உள்ள பச்சையைப் பார்த்துவிட்டு, "கொடுத்துவைத்த மண்" என்று சொல்வார்கள். மண் நல்ல மண்தான். ஆனால் அந்தப் பச்சையில் பெரும்பகுதி, மலையைக் குடைந்து மனிதர்கள் கொண்டுவந்த தண்ணீரால் வந்தது. அதைத் தெரிந்துகொண்டால்தான் இந்த ஊரின் செழிப்பும் புரியும், பயமும் புரியும். வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

பொள்ளாச்சி எங்கே இருக்கிறது? நகரமா, பெரிய கிராமமா?

கோயம்புத்தூருக்குத் தெற்கே சுமார் 40 கிலோமீட்டர். தெற்கே ஆனைமலைத் தொடர். மேற்கே கொஞ்ச தூரத்தில் கேரளத்தின் பாலக்காடு மாவட்டம். கிழக்கே உடுமலை, பழனி. 2011 கணக்கெடுப்பில் நகராட்சியின் மக்கள்தொகை சுமார் 90,000.

நகரம்தான், சந்தேகமில்லை. ஆனால் கடை வைத்திருப்பவர், பள்ளியில் பாடம் நடத்துபவர், வங்கியில் வேலை பார்ப்பவர் என்று யாரைக் கேட்டாலும் எங்காவது கொஞ்சம் தோப்பு இருக்கும். இல்லாவிட்டால் தோப்புக்காரரை நம்பித் தொழில் இருக்கும். தேங்காய் விலை இறங்கினால் நகைக்கடையிலும் ஜவுளிக்கடையிலும் கூட்டம் குறையும். அதனால்தான் இதை வேளாண் நகரம் என்கிறேன்.

பெயர் எப்படி வந்தது?

"பொழில்வாய்ச்சி" என்பது திரிந்து பொள்ளாச்சி ஆனது என்பார்கள். பொழில் என்றால் சோலை. பொருள் மிகுந்த ஊர் என்பதால் "பொருளாட்சி" என்று விளக்குபவர்களும் உண்டு. சோழர் காலத்தில் முடிகொண்ட சோழநல்லூர் என்ற பெயர் இருந்ததாகவும் சொல்லப்படுகிறது. எனக்குப் பிடித்தது பொழில்வாய்ச்சிதான்.

எவ்வளவு பழைய ஊர்?

1800இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக இந்தப் பக்கம் பயணம் செய்த ஃபிரான்சிஸ் புக்கானன், பொள்ளாச்சியில் தோண்டியபோது கிடைத்த ஒரு பானை ரோமானிய வெள்ளிக் காசுகளைப் பற்றி எழுதியிருக்கிறார். அகஸ்டஸ், டைபீரியஸ் என்ற இரண்டு பேரரசர்களின் காசுகள் அவை. அப்படியென்றால் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுப் பழமை.

ரோமாபுரிக் காசுக்கு இங்கே என்ன வேலை? வரைபடத்தைப் பாருங்கள். மேற்குத் தொடர்ச்சி மலை சுவர்போல நீண்டு கிடக்கிறது. அந்தச் சுவரில் பெரிய வாசல் பாலக்காட்டுக் கணவாய். மேற்குக் கரையில் முசிறித் துறைமுகத்தில் இறங்கிய சரக்கும் பணமும் இந்தக் கணவாய் வழியாகத்தான் கொங்கு நாட்டுக்குள் வந்தன. கொங்கு ஊர்களான கொடுமணலின் மணிகளும் படியூரின் பச்சைக் கல்லும் அதே வழியில் வெளியே போயின. பொள்ளாச்சி அந்த வாசலின் உள்பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று வருவதும் இதே வாசல் வழியாகத்தான். ஆடி மாதம் இங்கே வந்தால் காற்று முகத்தில் அறையும்.

அப்புறம் பாளையக்காரர்கள் காலம். ஊத்துக்குளி, சமத்தூர், புரவிபாளையம் ஆகிய ஜமீன்கள் எல்லாம் பொள்ளாச்சியைச் சுற்றியே இருந்தன. 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு இந்தப் பகுதி கம்பெனி கைக்குப் போனது.

சந்தை ஊர் என்று ஏன் சொல்கிறார்கள்?

மூன்று விதமான நிலம் இங்கே சந்திக்கிறது. வடக்கிலும் கிழக்கிலும் மழையை நம்பிய காட்டு நிலம், தெற்கே மலை, மேற்கே கேரளம். கொங்குப் பக்கத்தில் "காடு" என்றால் வனம் இல்லை, மானாவாரி நிலம். கிணற்றுப் பாசனம் இருந்தால் "தோட்டம்". ஆற்றுத் தண்ணீர் பாய்ந்தால் "வயல்". காட்டில் விளைந்த நிலக்கடலையும் சோளமும், தோட்டத்துக் காய்கறியும், மலையிலிருந்து இறங்கிய பொருளும் கைமாற ஒரு நடு இடம் வேண்டுமில்லையா? அந்த இடம்தான் பொள்ளாச்சி.

இன்றைக்கும் செவ்வாயும் வியாழனும் மாட்டுச்சந்தை கூடுகிறது. முதல் நாள் இரவிலேயே வண்டிகள் வரத் தொடங்கிவிடும். விற்பவர்கள் தமிழகத்தின் பல மாவட்டங்களில் இருந்தும் வெளி மாநிலங்களில் இருந்தும் வருவார்கள். வாங்குபவர்களில் பெரும்பகுதி கேரள வியாபாரிகள். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசும் தரகர்களை இன்னும் பார்க்கலாம். பக்கத்தில் நிற்பவருக்கு விலை தெரியாது, ஆனால் கைகொடுத்தவர் வார்த்தை மாற மாட்டார். வெல்லமும் வாழைத்தாரும் காய்கறியும் இதே மாதிரிதான். ஓணத்துக்கு முந்தைய வாரங்களில் ஊரின் நடமாட்டமே வேறு. கேரளத்துச் சமையலறையில் என்ன தேவையோ அதைப் பார்த்துத்தான் இங்கே பாதி வியாபாரம் ஓடுகிறது.

ரயிலும் பஸ்ஸும் என்ன மாற்றத்தைக் கொண்டுவந்தன?

1915இல் போத்தனூரிலிருந்து ரயில் வந்தது. 1928இல் பாதை திண்டுக்கல் வரை நீண்டது, 1932இல் பாலக்காட்டுக் கிளையும் சேர்ந்தது. மாட்டுவண்டிப் பாதைகள் கூடிய ஊர் ரயில் சந்திப்பாக மாறியது.

அதே காலத்தில் வால்பாறை மலையில் தேயிலைத் தோட்டங்கள் பரவிக்கொண்டிருந்தன. அங்கே வேலை செய்தவர்களுக்கான அரிசி, துணி, மண்ணெண்ணெய் எல்லாம் கீழிருந்துதான் போக வேண்டும். ஆழியாற்றிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏறும் அந்தச் சாலைக்குப் பொள்ளாச்சிதான் அடிவாரக் கடைத்தெரு. நாச்சிமுத்துக் கவுண்டர் தொடங்கிய ஏபிடி பஸ் நிறுவனம் வளர்ந்தது இப்படிப்பட்ட போக்குவரத்தில்தான். அவருடைய மகன் நா. மகாலிங்கம் அதைச் சக்தி குழுமம் என்ற பெரிய தொழிற்குழுவாக விரித்தார், கல்லூரிகளையும் நடத்தினார். மலைக்கும் சமவெளிக்கும் இடையே ஆளையும் மூட்டையையும் ஏற்றி இறக்கியதில் சேர்ந்த பணம் பள்ளிக்கூடமாகவும் ஆலையாகவும் மாறியதை இந்த ஊரில் கண்ணாலேயே பார்க்கலாம்.

பொள்ளாச்சி எப்போதுமே இப்படிப் பசுமையாக இருந்ததா?

இல்லை. இந்தக் கேள்விக்குத்தான் நான் நிறைய எழுத வேண்டும்.

ஆழியாற்றின் கரையில் ஆனைமலைப் பக்கம் பழைய நெல்வயல்கள் உண்டு. பள்ளிவிளங்கால், காரப்பட்டி, அரியாபுரம், பெரியணை, வடக்கலூர் என ஐந்து அணைக்கட்டுகளில் இருந்து பாயும் 6,400 ஏக்கரைத்தான் இன்றும் "பழைய ஆயக்கட்டு" என்கிறோம் (ஆயக்கட்டு என்றால் பாசனம் பெறும் நிலம்). அதைத் தாண்டினால் கிணறும் மழையும்தான். மாடு பூட்டிக் கவலை (தோல் சால் கட்டிய ஏற்றம்) ஓட்டித் தண்ணீர் இறைத்தார்கள். 1930களில் நீலகிரியின் பைக்காரா மின்சாரம் கோவைப் பகுதிக்கு வந்த பிறகு மோட்டார் கிணறுகள் பெருகின. ஆனால் கிணற்றில் ஊற்று இருந்தால்தானே மோட்டாருக்கு வேலை?

இத்தனைக்கும் கண்ணெதிரே மலையில் பெருமழை கொட்டிக்கொண்டிருந்தது. அந்தத் தண்ணீர் எல்லாம் மேற்கே ஓடி அரபிக்கடலில் கலந்தது. அதைக் கிழக்கே திருப்பினால் என்ன என்ற யோசனைதான் பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத் திட்டம். ஊரில் பிஏபி என்றால் குழந்தைக்கும் தெரியும். இதற்காக ஓயாமல் குரல் கொடுத்தவர் வி.கே. பழனிச்சாமிக் கவுண்டர். காமராஜர் முதல்வராக இருந்தபோது திட்டம் உருவானது. அவருடைய அமைச்சரவையில் நிதி அமைச்சராக இருந்த சி. சுப்பிரமணியம் பொள்ளாச்சிக்குப் பக்கத்துச் செங்குட்டைப்பாளையத்துக்காரர். பின்னாளில் மத்திய அமைச்சராகப் பசுமைப் புரட்சிக்கு வழிவகுத்து, 1998இல் பாரத ரத்னா பெற்றாரே, அவர்தான். தண்ணீர் இல்லாத காட்டைப் பார்த்து வளர்ந்தவர் என்பதை நினைத்துக்கொண்டால் அவர் செய்த வேலைகள் இன்னும் நன்றாகப் புரியும் என்று எனக்குத் தோன்றும்.

திட்டம் இப்படி. மேல் நீராறு, கீழ் நீராறு அணைகளில் இருந்து சோலையாறு. அங்கிருந்து பரம்பிக்குளம். பரம்பிக்குளத்திலிருந்து சுரங்கம் வழியாகத் தூணக்கடவு. அங்கிருந்து மறுபடி சுரங்கம், சர்க்கார்பதியில் மின்சாரம். அதன்பின் மலையின் இடுப்பைச் சுற்றி 49 கிலோமீட்டர் ஓடும் காண்டூர் கால்வாயில் உடுமலைப் பக்கத்துத் திருமூர்த்தி அணை. மேற்கே ஓட வேண்டிய தண்ணீர் ஒரு அணையிலிருந்து இன்னொரு அணைக்குக் கைமாறிக் கைமாறி கிழக்கே வந்து சேர்கிறது. இந்தக் கால்வாயின் ஓரத்தில் ஒருமுறை நின்று பாருங்கள். எத்தனை பேர் உழைப்பு அதில் ஓடுகிறது என்று தெரியும்.

கேரளத்துடன் என்ன ஒப்பந்தம்?

பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் ஆகிய மூன்று அணைகளும் கேரள மண்ணில் இருக்கின்றன. இயக்கிப் பராமரிப்பது தமிழ்நாடு. அதோடு, பரம்பிக்குளம் கிராமத்துக்குக் கேரளத்தவர்களே பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத்தான் வண்டியில் போக முடியும்.

காமராஜரும் இ.எம்.எஸ். நம்பூதிரிபாடும் முதல்வர்களாக இருந்த 1958லேயே பேசி முடித்து வேலையைத் தொடங்கிவிட்டார்கள். கையெழுத்தானது 1970 மே 29. ஆனால் 1958 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்ததாக அதில் எழுதப்பட்டது. அதன்படி மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீரைப் பாலக்காட்டுச் சித்தூர் விவசாயிகளுக்காகக் கேரளத்துக்கு விட வேண்டும். இன்றைக்கு இரண்டு பக்கமும் அவ்வப்போது குறை சொல்லிக்கொள்கிறோம். ஆனாலும் காகிதத்தில் கையெழுத்து விழும் முன்பே நம்பி வேலையைத் தொடங்கிய அந்தப் பெரிய மனதை நான் மதிக்கிறேன்.

அப்படியென்றால் எல்லாருக்கும் தண்ணீர் தாராளமாகக் கிடைக்கிறதா?

கிடைப்பதில்லை. திருமூர்த்தி அணையை நம்பிய ஆயக்கட்டு மட்டும் 3.77 லட்சம் ஏக்கர். அது கோவை, திருப்பூர் மாவட்டங்களில் பரவிக்கிடக்கிறது. அவ்வளவு நிலத்துக்கும் ஒரே சமயத்தில் விடத் தண்ணீர் கிடையாது. அதனால் நான்கு மண்டலமாகப் பிரித்து முறை வைத்து விடுகிறார்கள். ஒரு மண்டலத்துக்கு ஒருமுறை வந்தால் மறுமுறை வர ஏறக்குறைய இரண்டு ஆண்டு ஆகும். நடுவில் மழை பொய்த்தால் இன்னும் தள்ளிப்போகும். கடைமடையில் இருப்பவர் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

திட்டத்தில் சேர்க்கப்பட்டும் கட்டாமல் நிற்கும் ஆனைமலையாறு, நல்லாறு வேலைகளை முடிக்க வேண்டும் என்று விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் கேட்கிறார்கள். இருப்பதைப் பராமரிப்பதும் அதே அளவு முக்கியம். 2022 செப்டம்பரில் பரம்பிக்குளம் அணையின் மூன்று மதகுகளில் ஒன்று உடைந்து, பல நாட்கள் தண்ணீர் சாலக்குடி ஆற்றில் போய்ச் சேர்ந்தது. அந்த வாரம் ஊரில் டீக்கடைக்கு டீக்கடை அதே பேச்சு. வீட்டில் ஒருவருக்கு உடம்பு முடியாமல் போன மாதிரி இருந்தது.

எல்லாரும் ஏன் தென்னைக்கு மாறினார்கள்?

நிலக்கடலையும் பருத்தியும் சோளமும் விளைந்த காடுகள் ஒவ்வொன்றாகத் தோப்பானதற்கு முதல் காரணம் ஆள். கடலைக்கு விதைக்க, களை எடுக்க, பிடுங்க, காய் ஆய என்று சீசனுக்குச் சீசன் ஆள் வேண்டும். கோவை, திருப்பூர் மில்களும் பனியன் கம்பெனிகளும் அந்த ஆட்களை இழுத்துக்கொண்டன. தென்னைக்கு அத்தனை ஆள் வேண்டாம். ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை காய் போட்டால் போதும், ஆண்டு முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் வரும்.

இரண்டாவது, தண்ணீர். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும் வாய்க்கால் தண்ணீரை நம்பி ஆண்டுப் பயிர் செய்ய முடியாது. தென்னை என்றால் வாய்க்கால் வரும்போது குளிரக் குடிக்கும். மற்ற நாட்களில் போர்வெல்லும் சொட்டுநீரும் தாங்கும். பிள்ளைகள் வெளியூர் போய்விட்ட வீட்டில், சாளையில் தனியாக இருக்கும் வயதானவர்கூடத் தோப்பைப் பார்த்துக்கொள்ளலாம். (தோட்டத்து வீட்டைத்தான் இங்கே சாளை என்போம்.)

இப்படி ஒவ்வொரு வீடும் தனக்குச் சரியான முடிவைத்தான் எடுத்தது. ஆனால் எல்லாரும் சேர்ந்து எடுத்தபோது, ஒரு தாலுகாவே ஒரு மரத்தில் தொங்க ஆரம்பித்துவிட்டது. அதுதான் எனக்குக் கவலை.

ஒரு தென்னையை வைத்து எத்தனை தொழில்?

காயை எந்த வயதில் இறக்குகிறோம் என்பதிலேயே தொழில் பிரிந்துவிடும். ஆறு ஏழு மாதத்தில் இறக்கினால் இளநீர். வண்டி ஏறி பெங்களூரு, ஹைதராபாத், மும்பை, டெல்லி வரை போகும். வடக்கே வெயில் ஏறினால் இங்கே விலை ஏறும், அங்கே மழை பிடித்தால் இறங்கும். இளநீருக்குக் குட்டை ரகமும் குட்டை, நெட்டை கலந்த ஒட்டு ரகமும் ஏற்றவை. சுமார் ஒரு வருடம் விட்டு முற்றவைத்தால் தேங்காய். அதை உரித்துக் கடைக்கும் அனுப்பலாம், உடைத்துக் கொப்பரையும் போடலாம்.

கொப்பரைக் களத்தை வெளியூர்க்காரர்கள் அவசியம் பார்க்க வேண்டும். பெரிய சிமெண்டுத் தளத்தில் வெள்ளை வெளேர் என்று ஆயிரக்கணக்கான மூடிகள் வெயிலைப் பார்த்துக் கிடக்கும். மேகம் திரண்டால் போதும், தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் ஓடுவார்கள். நனைந்தால் பூஞ்சை பிடிக்கும், விலை போய்விடும். காய்ந்த பருப்பு காங்கேயம், வெள்ளகோவில் எண்ணெய் ஆலைகளுக்குப் போகும். மிஞ்சும் தொட்டி (சிரட்டை) கரி ஆகும்.

உரித்த மட்டை, நார் மில்லுக்குப் போகும். ஒரு காலத்தில் நார் எடுத்த பிறகு மில் ஓரத்தில் மலையாகக் குவிந்து கிடந்த துகளை என்ன செய்வது என்றே தெரியாமல் இருந்தது. இன்று அந்தத் துகளைக் கழுவி, காயவைத்து, கட்டியாக அழுத்தி வெளிநாட்டுக்குக் கப்பலேற்றுகிறார்கள். மண்ணில்லாமல் பசுமைக்குடிலில் தக்காளியும் ஸ்ட்ராபெரியும் வளர்ப்பவர்களுக்கு அதுதான் மண். ஆனால் துகளில் உள்ள உப்பைக் கழுவும் தண்ணீர் நிலத்தடியில் இறங்கிவிடுகிறது என்ற புகாரும் கூடவே வந்தது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021இல் இந்தத் தொழிலை மாசில்லாத தொழில்களின் வெள்ளைப் பட்டியலில் இருந்து மாசு தரும் தொழில்களின் ஆரஞ்சுப் பட்டியலுக்கு மாற்றியபோது மில்காரர்கள் எதிர்த்தார்கள். அவர்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். இருந்தாலும் கிணற்று நீர் கரித்துப்போன பக்கத்துத் தோட்டக்காரர் பக்கம்தான் என் மனம் சாய்கிறது.

விலையை யார் முடிவு செய்கிறார்கள்?

தோப்புக்காரர் இல்லை, அது மட்டும் உறுதி. ஆனைமலை ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் செவ்வாய்க்கிழமை கொப்பரை ஏலம் நடக்கும். விவசாயி கொண்டுவந்த மூட்டையைத் தரம் பிரித்து வைப்பார்கள், வியாபாரிகள் விலை கேட்பார்கள். அங்கே நிற்கும் விலைக்குப் பின்னால் காங்கேயத்து எண்ணெய் விலையும், அதற்குப் பின்னால் வெளிநாட்டிலிருந்து வரும் பாமாயிலின் விலையும் இருக்கின்றன.

2023இல் அரைவைக் கொப்பரைக்கு (எண்ணெய் ஆட்டும் கொப்பரை) மத்திய அரசின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 10,860 ரூபாய். சந்தை விலை அதற்கும் கீழே கிடந்தது. கொள்முதல் மையத்தில் வரிசை நின்றார்கள். இரண்டே ஆண்டில், 2025இல், ஆதரவு விலை 11,582 ரூபாய். வெளிச் சந்தையிலோ கிலோ 200 ரூபாயைத் தாண்டிப் போனது. விவசாயிக்குச் சந்தோஷம்தானே என்று கேட்பீர்கள். விலை ஏறிய அந்த நேரத்தில் பல தோப்புகளில் காய் இல்லை. வறட்சியும் நோயும் காய்ப்பைக் குறைத்ததால்தான் விலையே ஏறியது.

ரேஷன் கடையில் பாமாயிலுக்குப் பதில் தேங்காய் எண்ணெய் கொடுங்கள் என்பது இங்குள்ள விவசாயிகளின் நீண்ட நாள் கோரிக்கை. நியாயமான கோரிக்கை என்றே நினைக்கிறேன்.

வெள்ளை ஈ, வேர் வாடல் என்கிறார்களே, எவ்வளவு தீவிரம்?

ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ இந்தியாவில் முதன்முதலில் கண்ணில் பட்டது 2016இல், இந்தப் பொள்ளாச்சிப் பக்கம்தான். ஓலையின் அடியில் சுருள் சுருளாக முட்டை வைத்துச் சாற்றை உறிஞ்சும். அது கழிக்கும் இனிப்பு நீர் கீழோலையில் சிந்தி, அதன்மேல் கரும்பூஞ்சை படியும். கறுத்த ஓலையில் வெயில் படாது, மரம் சோர்ந்துபோகும். மருந்து அடித்தால் ஈயைத் தின்னும் நல்ல பூச்சிகளும் சாகும் என்பதால், ஆழியாறு தென்னை ஆராய்ச்சி நிலையத்தில் மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டச் சொல்கிறார்கள், வெள்ளை ஈயை அழிக்கும் என்கார்சியா என்ற குட்டிக் குளவி ஒட்டுண்ணியைத் தோப்பில் விடச் சொல்கிறார்கள், தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கச் சொல்கிறார்கள். பொறுமை வேண்டும். ஒரு தோப்பில் செய்து பக்கத்துத் தோப்பில் செய்யாவிட்டால் பயனில்லை.

வேர் வாடல் அதைவிடக் கொடுமை. கேரளத்தில் நூறாண்டுக்கு மேலாக இருக்கும் இந்த நோய் கணவாயைத் தாண்டி வந்துவிட்டது. ஓலை விலா எலும்பு மாதிரி உள்நோக்கி வளையும், குரும்பை கொட்டும், காய் சிறுக்கும். மரம் உடனே சாகாது, ஆனால் தேறவும் தேறாது. குணப்படுத்த மருந்து இல்லை, வெட்டிவிட்டு நோய் தாங்கும் கன்று வைப்பதுதான் வழி. அப்பா நட்ட மரத்தில் கோடரி வைக்க யாருக்கு மனசு வரும்? புதுக் கன்று காய்க்க நான்கைந்து வருடம் ஆகும். அதுவரை அந்த வீடு எதைச் சாப்பிடும்? வெட்டுவதற்கு மட்டும் உதவித்தொகை தருவது போதாது. இடைப்பட்ட ஆண்டுகளுக்கும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

தென்னையைத் தவிர வேறு வருமானம் இல்லையா?

இருக்கிறது. தோப்புக்குள் ஊடுபயிராகக் கோகோவும் ஜாதிக்காயும் வைக்கிறார்கள். ஆனைமலைப் பக்கத்து ஈரத்துக்கு ஜாதிக்காய் நன்றாக வருகிறது. கிணத்துக்கடவு தக்காளிக்குப் பெயர் பெற்றது. நெகமத்தில் நெய்யும் பருத்திச் சேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அமாவாசை நாட்களில் ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்கு வரும் கூட்டம் பூக்கடை முதல் சாப்பாட்டுக்கடை வரை பல வீடுகளுக்குச் சோறு போடுகிறது. சினிமாப் படப்பிடிப்பும் டாப்சிலிப் சுற்றுலாவும் ஜனவரியில் நடக்கும் பலூன் திருவிழாவும் கொஞ்சம் காசு கொண்டுவரும்.

தோப்புகளிலும் மில்களிலும் யார் வேலை செய்கிறார்கள்?

காய் போடுவது இன்னும் பெரும்பாலும் உள்ளூர்க் குழுக்கள்தான். நீண்ட கழியில் அரிவாள் கட்டிய துரட்டியால் கீழே நின்றே அறுப்பார்கள். உரிக்கும் களத்திலும் நார் மில்லிலும் பீகார், ஒடிசா, அசாம், மேற்கு வங்கத்துத் தொழிலாளர்கள் நிறைய. கம்பியில் காயைக் குத்தித் திருகி உரிக்கும் அந்த வேகத்தைப் பார்த்தால் பிரமிப்பாக இருக்கும், கையைப் பார்த்தால் மனசு வலிக்கும். ஞாயிற்றுக்கிழமை கடைத்தெருவில் இந்தி கேட்பது இப்போது சகஜம்.

இரண்டு நாள் வந்தால் ஊரைப் புரிந்துகொள்ள எங்கே போக வேண்டும்?

செவ்வாய்க்கிழமை விடிவதற்குள் மாட்டுச்சந்தைக்குப் போங்கள். விலை பேசுபவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் ஓரமாக நில்லுங்கள். அங்கிருந்து ஆனைமலை கொப்பரை ஏலம். மதியம் யாரையாவது கேட்டு ஒரு களத்துக்கோ நார் மில்லுக்கோ போய்ப் பாருங்கள், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள், இளநீரும் வெட்டிக் கொடுப்பார்கள். மறுநாள் ஆழியாறு அணைமேல் நடந்து மலையைப் பாருங்கள். அப்புறம் திருமூர்த்தி பக்கம் போய்க் காண்டூர் கால்வாய் அணைக்குள் விழும் இடத்தைக் கேட்டுப் போங்கள். தண்ணீர் விட்டிருக்கும் நாளாக இருந்தால், சத்தம் தூரத்திலேயே கேட்கும்.